தேர்ந்த கேளா வாசகரின் வாசிப்பு: எழுத்திலிருந்து நேரே பொருளுக்கு

0. முன்னுரை

எழுத்து பேச்சொலியின் குறியீடு என்பது மொழியியலில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ள கருத்து. குழந்தை முதலில் பேசக் கற்கிறது. பின்னர்த் தான் அறிந்த பேச்சை எழுத்தில் அடையாளம் காணக் கற்கிறது. வாசிப்பு பற்றிய கோட்பாடுகளுள் பெரும்பாலானவை இவ்வரிசைமுறையை அடித்தளமாகக் கொண்டே அமைந்துள்ளன. பிறவியிலேயே காது கேளாத ஒருவர் ஒரு நாவலையோ சட்ட நூலையோ அறிவியல் கட்டுரையையோ தங்குதடையின்றி வாசிக்கும்போது இக்கோட்பாடுகள் ஒரு வினாவை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. தாம் ஒருபோதும் கேட்டிராத மொழியை அவர் எழுத்தில் எவ்வாறு வாசிக்கிறார்?

இவ்வினாவிற்குத் தரப்பட்ட பழைய விடைகள் பெரும்பாலும் குறைபாட்டு நோக்கில் அமைந்தவை. கேட்கும் வாசகர் செய்வதையே காது கேளாதவர் குறைவாகச் செய்கிறார் என்பது அவ்விடைகளின் சாரம். 2010ஆம் ஆண்டிற்குப் பின் வெளிவந்த கண்ணசைவு ஆய்வுகள் இந்நோக்கை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியுள்ளன. தேர்ந்த கேளா வாசகர் வேறொரு வழியில் வாசிக்கிறார். அவ்வழி சில கூறுகளில் கேட்கும் வாசகரின் வழியைவிடத் திறன் மிக்கது என்பதை அவ்வாய்வுகள் காட்டுகின்றன. அச்சான்றுகளைத் தொகுத்து விளக்குவதும், கேளா வாசகரிடையே தேர்ச்சி வேறுபாடு எதனால் விளைகிறது என்று ஆராய்வதும், இவற்றால் தமிழ் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பெறக்கூடிய பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

மொழியைக் காதால் பெறுவதற்கு முன்னரே கேட்கும் திறனைப் பெரிதும் அல்லது முற்றிலும் இழந்தவர்கள் இக்கட்டுரையில் 'கேளா வாசகர்' எனவும், ஏனையோர் 'கேட்கும் வாசகர்' எனவும் குறிக்கப்பெறுகின்றனர். வாசிப்புத் தேர்வுகளில் கேட்கும் வாசகருக்கு நிகரான மதிப்பெண் பெறுவோர் 'தேர்ந்த' வாசகர் எனப்படுவர்.

1. ஒலிவழிக் கருத்தும் அதன் விளைவுகளும்

வாசிப்பில் ஒரு சொல்லை அறிய இரு வழிகள் உண்டு என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. ஒன்று, எழுத்துகளை ஒலியன்களாக மாற்றி, அவ்வொலித் தொடரைக் கொண்டு மனச் சொற்களஞ்சியத்திலுள்ள பொருளை எட்டும் வழி. மற்றொன்று, எழுத்துக்கோவையின் வடிவிலிருந்து நேரே பொருளை எட்டும் வழி. வாசிக்கத் தொடங்கும் கேட்கும் குழந்தைக்கு முதல் வழி இன்றியமையாதது. தேர்ந்த கேட்கும் வாசகரிடமும் சொல்லின் ஒலிவடிவம் தானாகவே எழுகிறது என்பதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன.

கேளா வாசகருக்கு முதல் வழி முழுமையாகக் கிட்டுவதில்லை. எனவே வாசிப்பில் அவர்கள் பின்தங்குவதற்கு அதுவே காரணம் எனக் கருதப்பட்டது. பின்தங்கல் உண்மையானதே. பிரித்தானிய உளவியலாளர் கான்ராடு 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளிப்படிப்பை முடிக்கும் கேளா மாணவரின் வாசிப்புத் திறனுடைய இடைநிலை அளவு ஒன்பது வயதுக் குழந்தையின் திறனுக்கு ஒப்பாக இருந்தது. அமெரிக்காவில் 2000இல் வெளியிடப்பட்ட கணக்கும் அத்தகையதே. பள்ளியை விட்டு வெளியேறும் கேளா மாணவரின் இடைநிலை அளவு நான்காம் வகுப்பு நிலையில் இருந்தது. அகத்தே பேச்சொலியைப் பயன்படுத்துவோர் நன்றாக வாசித்தனர் என்பதும் கான்ராடின் முடிவுகளுள் ஒன்று.

இம்முடிவுகள் கல்விமுறையையும் பாதித்தன. 1880ஆம் ஆண்டு மிலான் நகர மாநாட்டிற்குப் பின் உலகின் பல பகுதிகளில் கேளா குழந்தைகளின் வகுப்பறைகளிலிருந்து சைகைமொழி விலக்கப்பட்டு, பேச்சுப்பயிற்சியே முதன்மை பெற்றிருந்தது. பேச்சொலியின்றி வாசிப்பு இல்லை என்ற கருத்து அம்முறைக்குத் துணை நின்றது. குழந்தையின் கல்விக்காலத்தில் பெரும்பகுதி உச்சரிப்புப் பயிற்சியில் கழிந்தது. உலக அறிவும் சொல்வளமும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒலிவழி எவ்வளவு இன்றியமையாதது என்ற வினா ஆய்வாளரின் அறிவு வேட்கையோடு நின்றுவிடுவதன்று. ஒரு குழந்தையின் முதல் பத்தாண்டுகள் எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்பது அதன் விடையைப் பொறுத்துள்ளது.

2. கண் வாசிக்கும் முறை

கேளா வாசகரைப் பற்றிய சான்றுகளைப் புரிந்துகொள்ள, வாசிப்பின்போது கண் இயங்கும் முறையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். கண் வரியின்மீது சீராக வழுக்கிச் செல்வதில்லை. அது ஓரிடத்தில் நிற்கிறது, பின் தாவுகிறது, மீண்டும் நிற்கிறது. ஆங்கில வாசிப்பில் ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாக 200 முதல் 250 மில்லி நொடி வரை நீடிக்கிறது. ஒரு தாவல் ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடக்கிறது. தாவல்களுள் பத்து முதல் பதினைந்து விழுக்காடு பின்னோக்கியவை; அதாவது, வாசித்த பகுதிக்கே கண் திரும்புகிறது. எல்லாச் சொற்களின்மீதும் கண் நிற்பதில்லை. குறுகியனவும் எளிதில் ஊகிக்கத்தக்கனவுமாகிய சொற்கள் பல தாண்டப்படுகின்றன.

கண் நிற்கும் இடத்தில் மிகத் தெளிவாகத் தெரிவது விழித்திரையின் நடுக்குழி காணும் சிறு பகுதி மட்டுமே. இதனை நடுப்பார்வை எனலாம். அதனைச் சூழ்ந்த பகுதியில் தெளிவு படிப்படியாகக் குறைகிறது. எனினும் அப்பகுதியிலிருந்தும் வாசகர் பயன் பெறுகிறார். அடுத்த சொல்லின் நீளம், முதலெழுத்துகள் ஆகியன கண் அங்குச் சென்று சேர்வதற்கு முன்னரே அவருக்குக் கிட்டிவிடுகின்றன. ஒரு நிறுத்தத்தின்போது வாசகர் பயன்படுத்திக்கொள்ளும் மொத்தப் பரப்பைப் 'பார்வை வீச்சு' என்போம்.

இவ்வீச்சை அளக்க மக்காங்கியும் கீத் ரெய்னரும் 1975இல் நகரும் சாளர முறையை உருவாக்கினர். வாசகரின் கண் நிற்குமிடத்தைக் கருவி கண்டறிகிறது. அவ்விடத்தைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட எண்ணிக்கையிலான எழுத்துகள் மட்டும் திரையில் உண்மையாகக் காட்டப்படுகின்றன. ஏனைய எழுத்துகள் மறைக்கப்படுகின்றன. கண் நகரும்போது சாளரமும் உடன் நகர்கிறது. சாளரத்தை விரிக்க விரிக்க வாசிப்பு வேகம் கூடும். ஓரெல்லைக்கு மேல் விரித்தாலும் வேகம் கூடாதெனின் அவ்வெல்லையே வீச்சின் அளவாகும். ஆங்கிலம் வாசிக்கும் கேட்கும் வாசகரின் வீச்சு, கண் நிற்கும் இடத்திலிருந்து இடப்புறம் மூன்று அல்லது நான்கு எழுத்துகளும் வலப்புறம் 14 அல்லது 15 எழுத்துகளும் ஆகும்.

3. கேளா வாசகரின் பார்வை வீச்சு

காது கேளாதோரிடம் புறப்பார்வைக் கவனம் கூர்மை பெற்றிருத்தல் முன்னரே அறியப்பட்ட செய்தி. ஓசையால் எச்சரிக்கப்படாத ஒருவர் தம்மைச் சுற்றி நிகழ்வனவற்றைக் கண்ணால் அறிய வேண்டியுள்ளது. பவேலியரும் அவருடைய உடனாய்வாளர்களும் நிகழ்த்திய சோதனைகள், பார்வைப் புலத்தின் விளிம்பில் தோன்றும் பொருள்களைக் காது கேளாதோர் கேட்போரைவிட நன்கு கண்டறிவதைக் காட்டின. ஆனால் இப்பண்பு வாசிப்புக்குக் கேடாகுமோ என்ற ஐயம் எழுந்தது. கவனம் விளிம்புகளுக்குச் சிதறுமாயின், கண் நிற்கும் சொல்லின்மீது அது குவியாதன்றோ?

நத்தாலி பெலான்ஷேயும் அவருடைய உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இவ்வையத்தைத் தீர்க்க உதவியது. அமெரிக்கச் சைகைமொழி வழங்கும் கேளா வாசகர் இரு பிரிவினராகவும், தேர்ந்த கேட்கும் வாசகர் ஒரு பிரிவினராகவும் இதில் பங்கேற்றனர். கேளா வாசகருள் ஒரு பிரிவினர் தேர்ந்தோர். மற்றொரு பிரிவினர் தேர்ச்சி குறைந்தோர். நகரும் சாளர முறையில் சாளரத்தின் வலப்புற அகலம் படிப்படியாகக் கூட்டப்பட்டது. தேர்ந்த கேட்கும் வாசகரின் வேகம் 14 எழுத்துகளோடு உச்சத்தை எட்டியது. தேர்ந்த கேளா வாசகரின் வேகமோ 18 எழுத்துகள் வரையிலும் கூடிக்கொண்டே சென்றது. இரு பிரிவினரும் நிகரான வாசிப்புத் தேர்ச்சி உடையவர்கள் என்பது கருதத்தக்கது. தேர்ச்சி குறைந்த கேளா வாசகரின் வீச்சும் 14 எழுத்துகளாக இருந்தது. அதாவது, அவர்களைவிட நன்றாக வாசிக்கும் கேட்கும் வாசகரின் வீச்சுக்கு அது நிகராயிற்று. எனவே விரிந்த வீச்சு வாசிப்புக்கு இடையூறு என்ற கருத்து நிற்கவில்லை. ஏழு முதல் பதினைந்து வயது வரையிலான தேர்ந்த கேளா வாசகரிடமும் விரிந்த வீச்சு காணப்படுவதை 2018இல் வெளியான ஆய்வொன்று உறுதி செய்தது.

வீச்சின் அகலம் மட்டுமே திறனாகிவிடாது. தேர்ந்த கேளா வாசகர் கேட்கும் வாசகரைவிட மிகுதியான சொற்களைத் தாண்டுகின்றனர். ஒரே சொல்லின்மீது இரண்டாம் முறை நிற்பது குறைவு. பின்னோக்கித் தாவுவதும் குறைவு. இவற்றால் பொருளுணர்வு குறைவதில்லை. இச்செய்திகளைத் தொகுத்துப் பெலான்ஷேயும் ரெய்னரும் 2015இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். கேளா வாசகர் ஒரே நிறுத்தத்தில் ஒரு சொல்லை விரைந்து செயலாக்குகின்றனர். எழுத்துவடிவிற்கும் பொருளுக்கும் இடையே அவர்களிடம் இறுகிய பிணைப்பு உள்ளது என்பது அதன் சாரம். ஒலி என்னும் இடைநிலையம் இன்றி வண்டி நேரே ஊர் சேர்கிறது என்று இதனை எளிமையாகச் சொல்லலாம்.

4. சொல்லறிதலில் ஒலியின் பங்கு

மேற்கண்ட கருதுகோள் நிலைபெற வேண்டுமாயின், தேர்ந்த கேளா வாசகர் ஒலிவடிவத்தைப் பயன்படுத்துவதில்லை என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். அச்சான்றைத் தேட முன்தூண்டல் சோதனை பயன்படுகிறது. ஒரு சொல்லைக் காட்டுவதற்குச் சற்று முன்னர், வாசகர் உணராத அளவு சிறுபொழுதில் வேறோர் எழுத்துக்கோவை காட்டப்படுகிறது. முன்னது பின்னதோடு ஒலியால் மட்டும் ஒத்திருப்பினும் அறிதல் விரைவுபடுமெனின், வாசகர் ஒலியைப் பயன்கொள்கிறார் என்பது தெளிவு. எழுத்துவடிவால் ஒத்திருப்பதன் விளைவையும் இவ்வாறே பிரித்தறியலாம்.

பிரெஞ்சு மொழியில் ஒரே ஒலியைப் பல எழுத்துமுறைகளால் குறிக்க முடியும். ஆதலால் இச்சோதனைக்கு அம்மொழி ஏற்றது. கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு வாசிக்கும் கேளா வாசகரிடம் பெலான்ஷே, பாம், மேபெரி ஆகியோர் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. தேர்ந்த கேட்கும் வாசகரிடம் எழுத்து, ஒலி ஆகிய இரண்டின் விளைவும் காணப்பட்டன. கேளா வாசகரிடம் எழுத்தின் விளைவு மட்டுமே காணப்பட்டது. தேர்ந்தோர், தேர்ச்சி குறைந்தோர் ஆகிய இரு பிரிவினரும் இதில் வேறுபடவில்லை என்பதே முதன்மையான முடிவு. ஒலியைப் பயன்படுத்தாமையே தேர்ச்சிக் குறைவிற்குக் காரணமெனின், தேர்ந்தோர் அதனைப் பயன்படுத்தியிருத்தல் வேண்டும். அவ்வாறு காணப்படவில்லை. அடுத்த சொல்லை ஓரப்பார்வையில் முன்கூட்டி அறிவதிலும் இதே வேறுபாடு உண்டென்பதை ஆங்கிலத்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மூளையின் மின்னலைகளை அளந்த எம்மோரி குழுவினரின் 2017ஆம் ஆண்டு ஆய்வும் இதற்கு இயைபுடையது. சொல்லைக் கண்டபின் ஏறத்தாழ 170 மில்லி நொடியில் தோன்றும் ஓர் அலை, அச்செழுத்துக்கு மூளை பழகியுள்ளதைக் காட்டுவதாகக் கருதப்படுகிறது. வாசிப்புத் தேர்ச்சியில் நிகரான 32 கேளா வாசகரும் 32 கேட்கும் வாசகரும் ஒப்பிடப்பட்டனர். வாசிப்புத் திறன் மிகுந்த கேளா வாசகரிடம் வலப்பக்க மூளையில் இவ்வலை பெரிதாக இருந்தது. கேட்கும் வாசகரிடமோ திறன் மிகுந்தோரிடம் வலப்பக்க அலை சிறிதாக இருந்தது. கேட்போருக்குரிய அளவுகோலைக் கொண்டு கேளா வாசகரின் வலப்பக்கச் செயற்பாட்டை அளப்பின், அவர்தம் தேர்ச்சியே குறையாகத் தோன்றியிருக்கும். ஒப்பீட்டு ஆய்வில் அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது எத்துணை எச்சரிக்கைக்குரியது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மாற்றுக் கருத்தையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். கேளாதோரிடம் ஒலியன் அறிவு முற்றிலும் இல்லை எனல் பொருந்தாது. உதட்டசைவாலும், பேச்சுப்பயிற்சியின்போது பெறும் தொடுவுணர்வாலும், எழுத்தறிவாலும் அவர்கள் ஓரளவு ஒலியனறிவு பெறுகின்றனர். உதட்டசைவோடு கைவடிவங்களை இணைத்து ஒலிவேறுபாடுகளைக் காட்டும் குறிப்புப்பேச்சு முறையை 1966இல் கார்னெட் வகுத்தார். அம்முறையில் இளமையிலேயே வளர்ந்த குழந்தைகள் ஒலியனறிவில் சிறந்து விளங்குவதைப் பெல்ஜிய நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஒலிவழி கேளாதோருக்கு அடைக்கப்பட்டது என்பது இங்குக் கூறப்படும் கருத்தன்று. அது ஒன்றே வழியென்பது மட்டுமே மறுக்கப்படுகிறது.

இவ்விவாதத்திற்கு அளவு வழங்கியது மேபெரி, டெல் ஜூடிசே, லீபர்மன் ஆகியோரின் 2011ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு. அவர்கள் 57 ஆய்வுகளைப் பரிசீலித்தனர். கேளா வாசகரிடையே காணப்படும் வாசிப்புத் திறன் வேறுபாட்டில் சராசரியாக 11 விழுக்காட்டை மட்டுமே ஒலியனறிவால் விளக்க முடிந்தது. பொதுவான மொழித்திறனை அளந்த ஏழு ஆய்வுகளில் அத்திறன் 35 விழுக்காட்டை விளக்கியது.

5. தேர்ச்சிக்கு அடிப்படை மொழி

மொழித்திறன் என்று மேலே குறிக்கப்பட்டது பேச்சுமொழித் திறன் மட்டுமன்று; சைகைமொழித் திறனும் அதனுள் அடங்கும். கேட்டிராத மொழியை எழுத்தில் வாசிக்கச் சைகைமொழி எவ்வாறு உதவும்? சைகைமொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. ஆங்கிலத்தின் சொல்வரிசையோ தமிழின் வேற்றுமை உருபுகளோ அதில் இல்லை. எனினும் உதவி உண்மையானது. அதனை இரு நிலைகளில் காணலாம்.

முதலாவது, சொல்நிலை. மார்ஃபோர்டும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட சோதனையில், இரு ஆங்கிலச் சொற்கள் பொருளால் தொடர்புடையனவா எனக் கேளா வாசகர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. திரைப்படம், காகிதம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிடையே ஒலியொப்புமையோ எழுத்தொப்புமையோ இல்லை. ஆனால் அமெரிக்கச் சைகைமொழியில் அவ்விரண்டிற்குமுரிய சைகைகள் கைவடிவிலும் இடத்திலும் ஒத்து, அசைவில் மட்டும் வேறுபடுகின்றன. இத்தகைய இணைகளைத் 'தொடர்பில்லை' என்று விலக்கக் கேளா வாசகருக்குக் கூடுதல் நேரம் ஆயிற்று. சைகை எதுவும் காட்டப்படாதபோதும், ஆங்கிலச் சொல்லைக் கண்ட அளவிலேயே அதன் சைகை மனத்தில் எழுகிறது என்பது இதனால் பெறப்படும். இருமொழியாளர் ஒரு மொழியை வாசிக்கும்போது மற்றொன்றும் விழிப்புற்றிருத்தல் மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்த நிகழ்வே. கேளா வாசகர் இருமொழியாளர் என்பதையே இச்சோதனை உறுதி செய்கிறது. சீன மொழி வாசிக்கும் கேளா வாசகர் ஓரப்பார்வையிலேயே அடுத்த சொல்லின் பொருளை எட்டுகின்றனர் என்பதையும், அந்நிலையிலேயே சைகை வடிவம் தூண்டப்படுகிறது என்பதையும் 2015இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது, மொழிநிலை. 2002இல் மேபெரி, லாக், காஸ்மி ஆகியோர், இளமையில் பெற்ற ஒரு மொழி பின்னர்க் கற்கும் மொழிக்கு எவ்வாறு துணையாகிறது என ஆராய்ந்தனர். இளமையிலேயே சைகைமொழி பெற்ற கேளாதோர், பின்னர்க் கற்ற ஆங்கிலத்தின் இலக்கண அமைப்புகளை அறிவதில், வேறொரு பேச்சுமொழியைத் தாய்மொழியாகக் கொண்ட கேட்போருக்கு நிகராக விளங்கினர். இளமையில் எம்மொழியையும் முழுமையாகப் பெறாதவர்கள் மிகவும் பின்தங்கினர். முதல் மொழி கையால் வந்ததா, காதால் வந்ததா என்பது பெரிதன்று. உரிய காலத்தில் வந்ததா என்பதே பெரிது. சேம்பர்லினும் மேபெரியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தேர்ச்சியுடன் வாசித்தோர் அமெரிக்கச் சைகைமொழியின் தொடரமைப்பையும் கதையாடலையும் நன்கு புரிந்துகொள்வோராகவும் இருந்தனர்.

அமெரிக்கக் கணக்குப்படி, கேளா குழந்தைகளுள் தொண்ணூறு விழுக்காட்டினருக்கு மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கின்றனர். அவர்தம் வீட்டில் பேசப்படும் மொழி குழந்தைக்கு எட்டுவதில்லை. குழந்தைக்கு எட்டக்கூடிய சைகைமொழியைப் பெற்றோர் அறியார். இவ்விடைவெளியில் கழியும் ஆண்டுகளே பின்னர் வாசிப்புக் குறைவாக வெளிப்படுகின்றன. அக்குறைவைக் காதின் குறை என்று கூறுவதைவிட, மொழி மறுக்கப்பட்டதன் விளைவு என்று கூறுவது பொருத்தம்.

6. தமிழ் நோக்கில் சில கருத்துகள்

மேற்கூறிய சான்றுகள் ஆங்கிலம், பிரெஞ்சு, சீனம் ஆகிய மொழிகளிலிருந்து பெறப்பட்டவை. தமிழின் எழுத்தமைப்பும் சொல்லமைப்பும் வேறுபட்டவை ஆதலின், இவற்றைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் மொழியியலார் ஆராயத்தக்க சில கூறுகளை இங்குச் சுட்டலாம்.

(அ) சொல் நீளம். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற சொல்லில் 17 எழுத்துகள் உள்ளன. ஆங்கிலத்தில் 18 எழுத்துகள் மூன்று அல்லது நான்கு சொற்களுக்கு இடந்தரும். தமிழில் ஒரு சொல்லே அவ்வெண்ணிக்கையை நெருங்குகிறது. தமிழ் எழுத்து அகலத்திலும் செறிவிலும் வேறுபட்டது. 'கொ' என்ற ஓரெழுத்தே மூன்று குறிகளின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே தமிழில் பார்வை வீச்சை எழுத்தால் அளப்பதா, அசையால் அளப்பதா, உருபனால் அளப்பதா என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். சொல்லின் இறுதிவரை ஓரப்பார்வையில் எட்டும் வாசகர், வேற்றுமை உருபையும் வினைமுற்று விகுதியையும் முன்கூட்டியே பெறுவார். விரிந்த வீச்சு தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் கூடுதல் பயன் தரக்கூடும் என்ற கருதுகோள் சோதனைக்குரியது.

(ஆ) உருபுகளைக் கைவிடும் வாசிப்பு. தேர்ச்சி குறைந்த கேளா வாசகர் தொடரின் இலக்கணக் கூறுகளை விட்டுவிட்டு, முதன்மைச் சொற்களை மட்டும் கொண்டு பொருளை ஊகிக்கின்றனர் என்பதை டொமிங்கெசும் அலெக்ரியாவும் ஸ்பானிய மொழியில் காட்டி 2010இல் வெளியிட்டனர். இவ்வுத்தி தமிழில் என்ன விளைவைத் தரும் என்று எண்ணிப் பார்க்கலாம். 'புலி மானைக் கொன்றது', 'புலியை மான் கொன்றது' என்ற இரு தொடர்களிலும் முதன்மைச் சொற்களும் அவற்றின் வரிசையும் ஒன்றே. உருபைக் காணாத வாசகர் உலக வழக்கைக் கொண்டு இரண்டிற்கும் ஒரே பொருள் கொள்வார். இரண்டாம் தொடரில் அவர் தவறியதை ஒலியறிவின்மையால் விளக்க முடியாது. ஐகாரத்தின் ஒலியை அவர் கேளாதது காரணமன்று. அவ்வுருபின் பணியை எம்மொழி வாயிலாகவும் அவருக்கு எவரும் விளக்காததே காரணம்.

(இ) பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. 'வந்துக்கிட்டிருக்கான்' என்று வீட்டில் கேட்கும் குழந்தை, 'வந்துகொண்டிருக்கிறான்' என்று வாசிக்கக் கற்கிறது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறியப் பயிற்றப்படும் கேளா குழந்தைக்குக் கிட்டுவது பேச்சுவழக்கின் ஒரு பகுதி மட்டுமே. 'படம்', 'மடம்' ஆகியன உதட்டில் வேறுபடுவதில்லை. ககரமோ தொண்டையை அடுத்துப் பிறப்பதால் வெளியே தெரிவதில்லை. இவ்வாறு அரைகுறையாகப் பெற்ற பேச்சுவழக்கும் எழுத்துத் தமிழுக்கு நேர்வழி ஆகாது. பேச்சின்வழி எழுத்து என்னும் முறை ஏனைய மொழிகளைவிடத் தமிழில் கேளா குழந்தைக்குக் கடினமாகும் எனக் கருத இடமுண்டு. சைகைமொழியை முதன்மொழியாகவும், எழுத்துத் தமிழை இரண்டாம் மொழியாகவும் நேரே கற்பிப்பது இவ்விடர்ப்பாட்டைத் தவிர்க்கும்.

(ஈ) எழுத்துப்பிழைகள். கேட்கும் தமிழ் மாணவர் ல, ள, ழ ஆகியவற்றையும் ர, ற ஆகியவற்றையும் மயங்கி எழுதுவது உச்சரிப்பு மயக்கத்தின் விளைவு. ஆங்கிலத்தில் காது கேளாதோர் செய்யும் எழுத்துப்பிழைகளுள் பெரும்பாலானவை ஒலிவழிப்பட்டவை அல்ல; எழுத்து இடம் மாறுதலும் எழுத்து விடுபடுதலுமே மிகுதி. தமிழிலும் இவ்வாறே அமையுமெனின், கேளா மாணவரின் ஏடுகளில் 'பழம்' என்பது 'பளம்' ஆவதைவிட 'பமழ்' ஆவதை மிகுதியாகக் காணக்கூடும். வகுப்பறை ஏடுகளைத் தொகுத்தே இதனை ஆராயலாம். பெருஞ்செலவுடைய கருவிகள் தேவையில்லை.

7. மொழிபெயர்ப்பாளர்க்கு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் கேட்கும் திறன் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 50.7 இலட்சம் எனக் காட்டியது. 2015இல் புதுதில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் நிறுவப்பெற்றது. அது 2018இல் 3,000 சொற்களுடன் வெளியிட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களாக விரிந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்தியச் சைகைமொழியைத் தரப்படுத்தவும், கற்பிப்பதற்குரிய பாடப்பொருள்களை உருவாக்கவும் வழி கூறியது. பாடநூல்களைச் சைகைமொழியில் ஆக்கும் பணியும், காட்சி ஊடகங்களுக்கு எழுத்துவரி அமைக்கும் பணியும் இனி மொழிபெயர்ப்பாளரை நாடி வரும். அவர்கள் கருத வேண்டியவை இரண்டு.

முதலாவது, கேளா வாசகர் ஒரே தரத்தினர் அல்லர். தேர்ந்தோருக்காகப் பனுவலை எளிமைப்படுத்துவது தேவையற்றது. அவர்கள் கேட்கும் வாசகருக்கு நிகராகவோ அவர்களினும் விரைவாகவோ வாசிக்கவல்லவர்கள். அன்னோருக்கு எழுத்துவரிகளைச் சுருக்குவது செய்தியை மறைப்பதாகும்.

இரண்டாவது, தேர்ச்சி குறைந்தோருக்காக எளிமைப்படுத்தும்போது எதை விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். உருபுகளையும் இடைச்சொற்களையும் நீக்கித் தொடரைக் குறுக்கினால், ஊகித்து வாசிக்கும் பழக்கமே வலுப்பெறும். 'அவன் எழுதிய கடிதத்தைப் படித்த ஆசிரியரைப் பார்த்தேன்' என்பது போன்ற எச்சத் தொடர்களை இரண்டு மூன்று தொடர்களாகப் பிரித்து, யார் யாருக்கு என்ன செய்தார் என்பதை உருபுகளோடு வெளிப்படையாக நிறுத்துவதே தக்கது. தொடரின் நீளம் குறைவதைவிட, உறவுகள் தெளிவாவது முதன்மையானது. சைகைமொழிப் பெயர்ப்பை உடன் அமைக்கும் இடங்களில் சொல்லுக்குச் சொல் சைகை வைப்பது பெயர்ப்பாகாது. சைகைமொழியின் இலக்கணத்தில் பொருளை முழுமையாகச் சொல்லி, அதன் அருகே எழுத்துத் தமிழை நிறுத்துதல் வேண்டும்.

8. முடிவுரை

தேர்ந்த கேளா வாசகர் கேட்கும் வாசகரின் குறைபட்ட படியல்லர். விரிந்த பார்வை வீச்சு, ஒரே நிறுத்தத்தில் சொல்லை முடிக்கும் விரைவு, எழுத்துவடிவிற்கும் பொருளுக்கும் உள்ள நேர்ப்பிணைப்பு, துணைநிற்கும் சைகைமொழி ஆகியன அவர்தம் வாசிப்பின் கூறுகள். அவர்களையும் தேர்ச்சி குறைந்தோரையும் பிரிக்கும் கோடு ஒலியில் இல்லை. இளமையில் பெற்ற மொழியில் உள்ளது.

எழுத்து பேச்சின் நிழல் என்று கொள்வோருக்கு இச்சான்றுகள் இடர் தருவன. எழுத்து மொழியின் ஒரு வடிவம். பேச்சு வேறொரு வடிவம். சைகை மற்றொரு வழியில் அமைந்த முழுமொழி என்று கொள்ளின் இடர் நீங்குகிறது. பேச்சு வரும்வரை எழுத்தை நிறுத்திவைப்பதும், எழுத்து வரும்வரை சைகையை விலக்கிவைப்பதும் கேளா குழந்தைக்கு இழைக்கப்படும் இரட்டை இழப்பு. குழந்தைக்கு முதலில் ஒரு மொழி வேண்டும். அது கண்ணுக்கு எட்டும் மொழியாயின், எழுத்தும் கண்ணுக்கு எட்டும்.